பாய்க் கணக்கு: 1972 கல்விச் சீர்திருத்தமும் நாம் கைவிட்ட ஒரு பாடமும்

போன நோன்பு லீவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் விறாந்தையில் இருந்து பாடமாக்கிக் கொண்டிருந்தான். நிலைபேறான அபிவிருத்தி என்றால் என்ன என்பதற்கு ஒரு வரைவிலக்கணம். மூன்று தரம் சொல்லி, நான்காம் தரம் கொப்பியைப் பார்க்காமலே ஒப்புவித்தான். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.

"நீ இருக்கிற பாய் எங்கால வந்த மனே?" என்று கேட்டேன்.

"கடையால, மூத்தாப்பா."

"கடைக்கு?"

"லொறியில."

"லொறிக்கு முந்தி?"

சிரித்தான். "அது சோதினைக்கு வராது மூத்தாப்பா" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை, அது சோதினைக்கு வராதுதான். ஆனால் ஒரு காலத்தில் இந்த நாட்டில் அது பாடமாகவே இருந்தது. அந்தப் பாடத்தைப் படிப்பித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடம் எப்படி வந்தது, எப்படிப் போனது, அதில் எனக்கிருந்த பங்கு என்ன என்பதை எழுதி வைக்க வேண்டுமென்று அன்றுதான் தோன்றியது.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். அலிகாரில் படித்தவர், கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். 1960களின் தொடக்கத்திலும் அதே அமைச்சை வகித்து, உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தைக் கண்டவர். நம் சமூகத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முஸ்லிம் பாடசாலைகளையும் ஆசிரியர் நியமனங்களையும் நினைப்பார்கள். தமிழ்ச் சகோதரர்கள் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலை நினைப்பார்கள். இரண்டையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் காலத்தில் வந்த மூன்றாவது விடயம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம்மவர் யாரும் பெரிதாக எழுதக் காணோம்.

ஆட்சி வந்து ஒரு வருடம் நிறையுமுன் 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தது. ஆயுதம் தூக்கியவர்களில் பெரும்பாலானோர் சுயமொழியில் படித்து, தொழில் இல்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்கள். அதே வருடம் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சார்பில் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த குழு ஓர் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடம் பிள்ளைகளின் மனதில் வளர்க்கும் எதிர்பார்ப்பு ஒன்று, நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கும் வேலை வேறொன்று என்பதுதான் அதன் சாரம். படித்தவன் மேசை வேலை கேட்கிறான், நாட்டில் அத்தனை மேசை இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1972 ஜனவரியில் சீர்திருத்தம் தொடங்கியது. கல்வி அமைச்சின் செயலாளராக இருந்த பிரேமதாச உடகமவின் கை அதில் பெரிது. பள்ளிக்கூடம் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறானது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாடு முழுதும் ஒரே பாடவிதானம். கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயம். வரலாறும் புவியியலும் குடியியலும் சேர்ந்து சமூகக் கல்வியாயின. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பின் முடிவில் ஒரு புதிய பரீட்சை. எங்கள் ஊரில் அதை 'என்.சி.ஜீ.ஈ.' என்றுதான் சொன்னார்கள். அது முதன்முதல் 1975 டிசம்பரில் நடந்தது. இவற்றோடு புதிதாக வந்தவை தொழில் முன்னிலைப் பாடங்கள். பாடசாலை இருக்கும் ஊரில் உள்ள தொழில்களைத் தெரிந்தெடுத்துப் படிப்பிக்க வேண்டும். தொழிலாளியாக்குவது நோக்கமில்லை என்று சுற்றறிக்கைகளும் பயிற்சி வகுப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்லின. ஒரு தொழிலின் மூலப்பொருள், உழைப்பு, சந்தை, அறிவியல் ஆகியவற்றைப் பிள்ளை விளங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. 1930களில் கண்டிக்கு அண்மையில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் ஊரையே பாடப்புத்தகமாக்கப் பார்த்தது. கன்னங்கராவின் 1943 விசேட குழு அறிக்கை, ஏட்டுக் கல்விக்குப் பக்கத்தில் தொழினுட்பக் கல்விக்கும் செய்முறைக் கல்விக்கும் தனித்தனிப் பாதை கேட்டது. 1945இல் இலவசக் கல்வி நிலைத்தது, செய்முறைப் பாதை நிலைக்கவில்லை. இந்தியாவில் 1937இல் காந்தியின் வார்தா மாநாட்டுக்குப் பின்னர், கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வரைந்த குழுவின் தலைவர் ஜாமிஆ மில்லியாவின் ஸாகிர் ஹுஸைன். பின்னாளில் இந்திய ஜனாதிபதியானவர். தன்சானியாவில் ஜூலியஸ் நியரேரே 1967இல் தற்சார்புக் கல்வியை அறிவித்தார். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: பள்ளிக்கூடம் பிள்ளையை ஊரிலிருந்து வெளியே எடுக்கும் ஏணி மட்டும்தானா, ஊரை விளங்கிக் கொள்ளும் கண்ணுமா?

எங்கள் பக்கத்திலும் அந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. 1942இல், யுத்தகாலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உணவு உற்பத்தியைப் பெருக்க அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். காடு வெட்டி வயலாக்கும் வேலைக்கு வந்தவர் இங்குள்ள முஸ்லிம்களின் கல்வி நிலையைக் கண்டு, வந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்துக்கு வழி செய்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியமும் அவர் முயற்சியில் உருவானது. வயலும் கல்வியும் ஒரே மனிதரின் மேசையில் ஒன்றாகக் கிடந்த காலம் அது.

எனக்கு முதல் நியமனம் 1973இல் கிடைத்தது. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்வெளி. இடையில் தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பு நிலம், அதில் பன். அரிசிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் வரிசை நின்ற காலம். மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். சில கொத்துக்கு மேல் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டு போக ஏலாது. பொருளாதாரம் என்ற சொல்லை யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. பிள்ளைகள் கூப்பன் புத்தகத்தோடு காலையில் வரிசையில் நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தார்கள்.

எங்கள் பாடசாலை தெரிந்தெடுத்த தொழில்கள் இரண்டு: வேளாண்மையும் பாய் இழைத்தலும். எனக்கு இரண்டிலும் அனுபவமில்லை. சில நாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன், ரோணியோவில் அடித்த சில தாள்கள் தந்தார்கள். அவ்வளவுதான்.

பாய்ப் பாடத்துக்கு ஒரு மாணவியின் மூத்தம்மாவை அழைத்தோம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்றவர் உள்ளே வரக் கூச்சப்பட்டார். "நான் எழுத்துத் தெரியாதவள் மகன், நான் என்னத்தப் படிச்சித் தாற?" என்றார். பிறகு நிலத்தில் இருந்து பன்னைக் கையில் எடுத்ததும் கூச்சம் போய்விட்டது. எப்போது அறுப்பது, எத்தனை நாள் காய வைப்பது, சாயத்தை எப்படிக் கொதிக்க விடுவது என்று எல்லாம் சொன்னார்.

அடுத்த பாடத்தில் நான் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். சாயத்துக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, பாயை வாங்கிப் போகும் வியாபாரி தருவது இவ்வளவு, மிச்சம் லாபம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது.

"சேர், உம்மாட கூலிய எங்க எழுதுற?"

எனக்குத் தந்த தாளில் அதற்கு இடமில்லை. நாலு நாள் உம்மாவும் மூத்தம்மாவும் குனிந்திருந்து இழைத்த நேரத்தை அன்றுதான் எண்ணினோம். வயலில் ஒரு நாள் கூலிக்குப் போனால் கிடைப்பதை வைத்துப் பார்த்தோம். லாபம் என்று நான் எழுதியது நட்டமாயிற்று. வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு ஒரு பொடியன் கேட்டான்: "பன்னுக்கும் விலை போடலயே சேர்?"

"அது சும்மா வளருதுதானே" என்றேன்.

மறுநாள் அவன் மூத்தம்மாவிடம் கேட்டு வந்தான். அவர் குமராக இருந்த காலத்தில் பன் வீட்டுக்குப் பின்னாலேயே கிடந்ததாம். இப்போது ஒரு கட்டைக்கு மேல் நடக்க வேண்டும். சதுப்பை நிரப்பி வயலாக்கினார்கள், மிஞ்சியதை முற்றுமுன் அறுத்தார்கள். "வேரோட புடுங்கினா அடுத்த வருசம் ஒண்டுமில்ல. அறுத்தாத்தான் தழைக்கும். அறுத்தாலும் ஒரு பங்க உட்டுட்டு வரணும்." இதுதான் அவர் சொல்லி விட்டது. நாங்கள் சதுப்புக்குப் போய் இரண்டு துண்டுகளை அடையாளம் வைத்தோம். ஒன்றில் முழுதும் அறுத்தோம், மற்றதில் ஒரு பங்கை விட்டோம். அடுத்த வருடம் வந்து அளந்து எழுதினோம். இன்று நான்கு நிறப் படத்தோடு பாடப்புத்தகத்தில் வரும் விடயம் அதுதான். புருண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கை 1987இல்தான் வந்தது. எங்களிடம் அந்தச் சொல் இருக்கவில்லை, கணக்கு மட்டும் இருந்தது.

வேளாண்மைப் பாடமும் அப்படித்தான். ஒரு ஏக்கருக்கு விதை நெல், உழவு, பசளை, முல்லைக்காரரின் பங்கு, போடியாரின் பங்கு, கடனுக்குப் போகும் நெல் என்று எழுதினோம். மழையை நம்பிய விளைச்சலுக்கு ஸகாத் பத்தில் ஒன்று, செலவு செய்து இறைத்த தண்ணீருக்கு இருபதில் ஒன்று என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தண்ணீருக்குப் பின்னால் ஓர் உழைப்பு இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டிலேயே இருந்த பாடம். ஒருவன் கேட்டான்: "கல்லோயா வாய்க்கால் தண்ணிக்கு எது சேர்? அத நாம இறைக்கல, ஆனா சும்மா வந்த மழையும் இல்லயே?" அவனை ஊர் ஆலிமிடம் அனுப்பினேன். அவர் அந்தக் கேள்வியை மெச்சி, நீண்ட நேரம் இருத்தி வைத்துப் பேசினாராம். இங்கினியாகலவில் அணை கட்ட எவ்வளவு காசு போனது, அந்தக் காசு யாருடையது என்று வந்து என்னைக் கேட்டான். பதிமூன்று வயதுப் பிள்ளை அரசாங்கச் செலவைப் பற்றி யோசித்த முதல் நாள் அது.

இவ்வளவு நல்ல பாடம் ஏன் நிலைக்கவில்லை? ஆட்சி மாறியதால் என்று சொல்வது சுலபம். 1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி வந்தது, பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பின, என்.சி.ஜீ.ஈ. சில தடவைகளோடு முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே பாடம் ஊரில் தோற்றுப் போயிருந்தது.

ஒரு நாள் பின்னேரம் ஒரு வாப்பா என் அறைக்கு வந்தார். கரைவலை இழுக்கிறவர். சாரனில் உப்புக் காய்ந்திருந்தது. சத்தம் போடவில்லை.

"சேர், எங்கட புள்ளயள வயலுக்க எறக்கவா நாங்க பள்ளிக்கூடம் அனுப்பின? அத நாங்களே காட்டிக் குடுப்பமே. டொக்டர்ர மகனும் பாய் இழைக்கிறானா எண்டு மட்டும் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. கடதாசியில் பாடவிதானம் நாடு முழுதும் ஒன்றுதான். ஆனால் ஊரின் தொழிலைத் தெரிந்தெடு என்றதும், மீன் பிடிக்கும் ஊருக்கு மீன் வந்தது, பாய் இழைக்கும் ஊருக்குப் பாய் வந்தது. நகரத்துப் பெரிய பாடசாலைகள் அந்தப் பாடவேளையை விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் கொடுத்த கதைகள் எங்கள் காதுக்கும் வந்தன. தகப்பன் தொழிலில் பிள்ளையைக் கட்டிப் போடும் திட்டம் இது என்று ஏழைப் பெற்றோர் நினைத்ததில் என்ன பிழை? நூற்றாண்டாக அவர்களுக்குக் கிடைக்காத ஏணி இலவசக் கல்வியால் கிடைத்தது. ஏறத் தொடங்கும்போது கீழே இறங்கிப் பன்னைப் பார் என்றால் யார் கேட்பார்கள்?

பிழை எங்கள் பக்கத்திலும் இருந்தது. பரீட்சை நெருங்க நெருங்க நான் சதுப்புக்குப் போவதை நிறுத்தினேன். குறிப்புச் சொல்லி எழுத வைத்தேன். பன்னின் வகைகள், சாயத்தின் வகைகள், பாயின் வகைகள் என்று பிள்ளைகள் பாடமாக்கினார்கள். உம்மாவின் கூலியைப் பற்றி வினாத்தாளில் கேள்வி வரவில்லை.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1977இல் என் தம்பி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவன் படிப்புக்கு நான்தான் பொறுப்பு. அவனை என் பாடசாலையில் சேர்க்கவில்லை. ஆளைப் பிடித்து, விஞ்ஞானம் நன்றாக நடக்கும் நகரப் பாடசாலை ஒன்றில் இடம் எடுத்தேன். கரைவலை வாப்பாவுக்கு நான் வாயால் சொல்லாத பதிலை அப்படிச் சொல்லி முடித்தேன்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணி வந்ததும் மருதமுனையில் கைத்தறிகள் ஓய்ந்தன. பிளாஸ்டிக் பாய் வந்தது. அது மலிவு, கழுவலாம், சாயம் போகாது. பாய்க் கணக்குப் போட்ட என் மாணவர்களும் அதைத்தான் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி கிழக்கைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் பாடசாலையின் கூரையோடு அந்தப் பன் அளந்த கொப்பிகளும் போயின. மூன்றாம் வருட அளவு எடுக்கப்படவே இல்லை.

அதற்குப் பிறகு 1980களில் வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம் வந்து போனது. பின்னர் செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் வந்தது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை அறிவித்தது. 2017இல் நமது பாராளுமன்றம் நிலைபேறான அபிவிருத்திக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. சொல் சட்டப் புத்தகம் வரை போயிற்று. ஆனால் 2021இல், பிள்ளைகளின் வரைவிலக்கணத்தில் வரும் அதே நல்ல நோக்கத்தைச் சொல்லி, இரசாயனப் பசளை ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. எந்த வட்டையிலும் எந்த வட்டவிதானையிடமும் கணக்குக் கேட்கப்படவில்லை. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பெரும்போகம் அடிவாங்கிவிட்டது. அடுத்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. வரைவிலக்கணம் தெரிந்தவர்களுக்கும் கணக்குத் தெரிந்தவர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த இரண்டு வருடத்தில் எங்கள் விவசாயிகள் தங்கள் கையிருப்பால் அளந்தார்கள்.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு பின்னோக்கிப் பார்க்கும்போது 1972இன் பிழை எனக்கு இப்படித் தெரிகிறது. தொழிலைப் பழக்குவது வேறு, தொழிலின் கணக்கைப் பார்க்கப் பழக்குவது வேறு. முதலாவது அந்தத் தொழிலுக்குப் போகிறவனுக்கு வேண்டும். இரண்டாவது எல்லோருக்கும் வேண்டும், டொக்டரின் மகனுக்கு முதலில் வேண்டும். ஏனென்றால் நாளை பசளையைத் தடை செய்வதும், துறைமுகத்துக்குக் கையெழுத்து வைப்பதும் அவன்தான். இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பியதால் ஏழைப் பெற்றோர் முதலாவதைக் கண்டு பயந்தார்கள், இரண்டாவதும் அதோடு சேர்ந்து போயிற்று.

இன்று மீண்டும் பாடவிதான மாற்றம் பற்றிப் பேசுகிறார்கள். புதுப் பாடம் எதையும் நான் கேட்கவில்லை. புவியியலிலோ வணிகக் கல்வியிலோ கணிதத்திலோ, எல்லாப் பாடசாலையிலும், நகரம் கிராமம் என்ற பேதமில்லாமல், வருடத்துக்கு ஒரு பொருளின் கணக்கை எடுக்கட்டும். மூலப்பொருள், கூலி கொடுக்காத உழைப்பும் சேர்ந்த உழைப்பு, கழிவு, அடுத்த வருட மிச்சம் என்று நாலு நிரல் போதும். கொழும்புப் பிள்ளை லஞ்ச் சீட்டின் கணக்கை எடுக்கட்டும். அது 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைக் கொண்டு போன மீதொட்டமுல்லக் குப்பைமேடு வரை அவளைக் கூட்டிப் போகும். ஒலுவில் பிள்ளை 2013இல் திறந்த துறைமுகத்தின் கணக்கை எடுக்கட்டும். கடன், வாயிலை மூடும் மணல், கரை அரித்துப் போன தென்னந்தோட்டம், வள்ளம் வைக்க இடமில்லாமல் போன மீனவர் எல்லாம் அந்த நாலு நிரலுக்குள் வரும். புள்ளி கொடுப்பது சரியான விடைக்கல்ல, தாளில் இடமில்லாத ஒன்றைக் கண்டு கேட்ட கேள்விக்கு.

பேரனுடைய லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு பழைய சதுப்புப் பக்கம் போனேன். பெரும்பகுதி மண் நிரப்பி வீடாகிவிட்டது. மதகடியில் கொஞ்சம் பன் நின்றது. "இதாலயா பாய் இழைக்கிற?" என்று தொட்டுப் பார்த்தான். இன்னும் இழைக்கிற ஒரு வீட்டைத் தேடிப் போனோம். வயதான ஒருவர் முற்றத்தில் இருந்து இழைத்துக்கொண்டிருந்தார். அவன் ஃபோனை எடுத்து விலையைக் கேட்டான், நாளைக் கேட்டான், சாயத்தின் விலையைக் கேட்டான். கணக்குப் போட்டான்.

வரும்போது சும்மா நடந்து வந்தவன் பள்ளிவாசல் சந்தியில் நின்றான்.

"மூத்தாப்பா, இந்த விலைக்கு வித்தா அவங்கட கூலிக்கே காணாதே. ஏன் இன்னும் இழைக்காங்க?"

அந்தக் கேள்வியை அவனுடைய கொப்பியிலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.